'கட்டா மீட்டா' முடிந்த பிறகு வீடு யாருக்குப் போகும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "துணையை இழந்த இரண்டு பேர் வயதான காலத்தில் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பக்கப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் ஒத்துப்போவது 'கட்டா மீட்டா' படத்தில் வருகிற மாதிரி நிஜத்திலும் நடக்குமா?" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நடுவில் உங்கள் வீட்டுக் கதை. அம்மா போய் நான்கு வருடம். அப்பாவுக்கு 63 வயது, மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். காலை நடையில் பழகிய ஒரு அம்மாவை மணக்க நினைக்கிறார். அவரும் கணவரை இழந்தவர், ஒரு மகன் உண்டு. அப்பா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அந்தப் படத்தின் லிங்கை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கிறார். எல்லாவற்றுக்கும் பிறகு கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பது போல, "அதுசரி, அந்தப் படத்தில் வீடு கடைசியில் யாருக்குப் போகும்?" என்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களும் இப்படித்தான், நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போதுதான் கேட்க வந்ததைக் கேட்பார்கள். அதனால் அந்த வரிக்கே பதில் எழுதுகிறேன்.

மும்பையில் 24 வருடமாகக் குடும்ப வழக்குகளும் வாரிசு வழக்குகளும் நடத்துகிறேன். உங்கள் வீட்டுப் பத்திரங்களை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து, செம்பூர் பிளாட் உங்கள் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, இரண்டு குடும்பமும் இந்துக் குடும்பம், உங்களுக்கு ஒரு தங்கை, உங்கள் பாட்டி இப்போது இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இதில் ஒன்று மாறினாலும் கீழே வரும் கணக்கு மாறும். பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் மகன் சொத்தில் ஒரு பங்கு உண்டு. பிளாட் வாங்கியபோது அம்மா பெயரும் பத்திரத்தில் இருந்திருந்தால் கதையே வேறு, அவருடைய பாதியில் உங்களுக்கு ஏற்கெனவே பங்கு வந்துவிட்டது.

படத்தை முதலில் பார்த்துவிடுவோம். 1978ல் வந்த இந்திப் படம், பாசு சட்டர்ஜி இயக்கம். பம்பாய்ப் பார்சிகளின் கதை. ஹோமி மிஸ்திரி (அசோக் குமார்) மனைவியை இழந்தவர், நான்கு மகன்கள். நர்கிஸ் சேத்னா (பேர்ல் பதம்சி) கணவரை இழந்தவர், இரண்டு மகன், ஒரு மகள். நண்பர் சோலி நடுவில் நின்று பேசி முடிக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, வயது ஏறிக்கொண்டே போகிறது. அந்தக் கல்யாணம் இப்படித்தான், தேவையில் ஆரம்பிக்கிறது. ஏழு பிள்ளைகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வதும் பிறகு மெல்ல ஒட்டிக்கொள்வதும்தான் மீதிப் படம். அதில் குல்சார் எழுதிய ஒரு பாட்டு 'கொஞ்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்று தொடங்கும். வயதான காலத்துக் கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் அதே வாக்கியத்தைத்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. குடும்பங்கள் கலப்பதைப் பற்றிய இந்தப் படத்தில் நடித்தவர்களே ஒருவருக்கொருவர் சொந்தம். பிரீதி கங்குலி அசோக் குமாரின் மகள். தேவன் வர்மா அவருடைய மருமகன். நாயகன் ராகேஷ் ரோஷனும் இசையமைத்த ராஜேஷ் ரோஷனும் அண்ணன் தம்பி. படத்தில் பிள்ளைகளில் ஒருவராக வரும் ரஞ்சித் சௌத்ரி நிஜத்திலேயே பேர்ல் பதம்சியின் மகன், அதுவும் அவருடைய முதல் மணத்தில் பிறந்தவர். மறுமணம் செய்த ஒரு தாயும் அவர் மகனும் மறுமணக் கதையிலேயே சேர்ந்து நடித்திருக்கிறார்கள்.

நிஜத்தில் இது நடக்குமா என்றால், நடக்கிறது. என் அனுபவத்தில் படம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது: பிள்ளைகள் சண்டை போடுவது அப்பாவின் காதலைப் பற்றி இல்லை, இடத்தைப் பற்றி. முதல் தடவை வரும்போது "ஊர் என்ன சொல்லும்" என்பார்கள். இரண்டாம் தடவை "அம்மா போட்டோவை எங்கே மாட்டுவது" என்பார்கள். மூன்றாம் தடவைதான் பிளாட் வரும். மூன்றுமே உண்மையான கவலைதான், முதல் இரண்டையும் சாக்கு என்று நான் ஒதுக்குவதில்லை. ஆனால் சட்டத்தால் தீர்க்க முடிந்தது மூன்றாவது மட்டும்தான். அது தீர்ந்த வீடுகளில் மற்ற இரண்டின் சூடு குறைந்துவிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

படம் விட்டுவிட்ட விஷயம், சட்டத்தின் கண்ணில் அந்த ஏழு பிள்ளைகளும் கடைசிவரை ஒரே குடும்பம் ஆவதே இல்லை என்பது. ஹோமியின் வீடு அவருடைய சொந்த வீடு என்றும், அவர் உயில் எழுதாமல் முதலில் போய்விட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். பார்சிகளுக்கு 1925ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன்படி நர்கிஸுக்கும் நான்கு மகன்களுக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. (1991 வரை பார்சித் தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் பாதிதான். ஹோமிக்கு மகள் இல்லாததால் அன்றைய கணக்கும் இன்றைய கணக்கும் ஒன்றுதான்.) சேத்னா பிள்ளைகள் மூவருக்கும் அவரிடமிருந்து நேராக ஒரு பைசா கிடையாது, எத்தனை வருடம் 'டாடி' என்று கூப்பிட்டிருந்தாலும். ஆனால் பிறகு நர்கிஸ் இறந்தால் அவர் வாங்கிய ஐந்தில் ஒரு பங்கு அவர் வயிற்றுப் பிள்ளைகளுக்குப் போகும், ஆளுக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. முன்வாசல் வழியாக வர முடியாதவர்கள் கொல்லைப்புறம் வழியாக வருகிற மாதிரி. மிஸ்திரி பையன்களுக்கு அப்போது கோபம் வருமா வராதா என்று படம் சொல்லாது. ஹோமி குடியிருந்தது வாடகை வீடாகவோ, மும்பையில் 'பகடி' என்பார்களே, பெரிய முன்பணம் கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் காலகாலமாக இருப்பது, அந்த மாதிரி வீடாகவோ, பார்சி அறக்கட்டளையின் 'பாக்' குடியிருப்பாகவோ இருந்திருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. பகடி வீட்டில், இறந்தபோது கூடவே குடியிருந்த குடும்பத்தார் யார் என்பதுதான் முதல் கேள்வி. அறக்கட்டளை வீட்டில் அறக்கட்டளையின் ஒப்பந்தம் பேசும்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்கள் அப்பா மறுமணம் செய்து, உயில் எழுதாமல் காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி செம்பூர் பிளாட் மூன்று சம பங்கு: அந்த அம்மா, நீங்கள், உங்கள் தங்கை. அந்த அம்மாவின் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு அவர் மகனுக்கு. உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். சரி, இப்போது படத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த அம்மாவுக்கு முதல் கணவர் வழியாக வந்த ஒரு வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுவதும் அவருக்கே சொந்தம் என்று வைத்துக்கொள்வோம். அவர் உயில் இல்லாமல் முதலில் காலமானால், அந்த வீட்டில் பாதி அவர் மகனுக்கு, பாதி உங்கள் அப்பாவுக்கு. இந்துப் பெண் இறந்தால் முதல் வரிசை வாரிசு அவர் பிள்ளைகளும் கணவரும், அந்தக் கணவர் இரண்டாவது கணவராக இருந்தாலும். கணவர் வழி வந்த சொத்து கணவர் வீட்டாருக்கே திரும்பும் என்ற விதி அவருக்குப் பிள்ளையே இல்லாதபோதுதான். பிறகு உங்கள் அப்பா காலமானால் அந்தப் பாதி உங்களுக்கும் தங்கைக்கும் வரும். அதாவது, நீங்கள் முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதர் உழைத்துக் கட்டிய வீட்டில் உங்களுக்குக் கால் பங்கு. அந்தப் பையனும் இதே கேள்வியை இன்றிரவு யாரிடமாவது கேட்டுக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்ல வேண்டும், நீங்களே அதைத் தொட்டிருப்பதால். "மறுமணம் செய்தால் முதல் கணவர் சொத்து அவர் கையை விட்டுப் போய்விடுமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். 1856ம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் அப்படித்தான் சொன்னது: மணக்கலாம், ஆனால் முதல் கணவர் வழி உரிமை அன்றோடு தீர்ந்தது. அந்தச் சட்டமே 1983ல் நீக்கப்பட்டுவிட்டது. 1956க்குப் பிறகு கணவர் இறந்ததும் மனைவிக்கு வந்த பங்கு முழுமையாக அவருடையது, பிறகு மறுமணம் செய்தால் அது பறிபோகாது என்று 2008ல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதில் சந்தேகம் இல்லை. சட்டம் செத்தாலும் பேச்சு சாகவில்லை, அவ்வளவுதான்.

அப்போ உயில் எழுதிவிட்டால் போதுமே என்பீர்கள். போதும், ஆனால் எப்போது எழுதுகிறார் என்பதைப் பாருங்கள். ஹோமி மாதிரி ஒரு பார்சியோ, ஒரு கிறிஸ்தவரோ கல்யாணத்துக்கு முந்தின வாரம் உயில் எழுதி வைத்தால், தாலியோ மோதிரமோ ஏறிய நிமிடத்தில் அந்த உயில் செத்துவிடும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69வது பிரிவு. பிள்ளைகளைச் சமாதானப்படுத்தக் கல்யாணத்துக்கு முன் உயில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அது வெறும் தாள் ஆகிவிட்டது தெரியாமலே போய்ச் சேர்ந்த ஒரு பெரியவரின் குடும்பத்துக்காக நான் ஆறு வருடம் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறேன். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, கல்யாணம் உயிலை ரத்து செய்யாது. ஆனால் அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உங்கள் அம்மா இருந்தபோது அப்பா ஏதாவது உயில் எழுதி வைத்திருந்தால் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. புதிதாக வருகிறவர் பெயர் அதில் இருக்காது. அது அவருக்கு அநியாயம், பின்னால் உங்களுக்கு வழக்கு. அதனால் எந்த மதமானாலும் என் யோசனை ஒன்றுதான்: கல்யாணம் முடிந்து, பதிவும் முடிந்து, அப்புறம் ஒரு புது உயில். முந்தையவை எல்லாம் ரத்து என்று முதல் வரியிலேயே.

அந்த உயிலில் என்ன எழுதுவது? இங்கேதான் உறுதியான நிலம் முடிந்து சேறு ஆரம்பிக்கிறது. எல்லாரும் கேட்பது ஒரே ஏற்பாடு: "அவர் இருக்கும்வரை இந்த வீட்டில் இருக்கட்டும், அவருக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு." நியாயமான ஆசை. கல்யாணத்துக்கு முன் என்னைப் பார்க்க வந்த ஒரு அம்மாவும் இதையேதான் கேட்டார்: "வீடு எனக்கு வேண்டாம்மா, அவர் போன பதிமூணாம் நாள் என்னை வெளியே அனுப்பாமல் இருந்தால் போதும்." ஆனால் இந்து மனைவிக்குக் கணவரிடம் ஜீவனாம்ச உரிமை ஏற்கெனவே உண்டு. அந்த உரிமைக்காகக் கொடுத்த சொத்து, ஆயுள்வரை மட்டும் என்று எழுதியிருந்தாலும், முழு உரிமையாக மாறிவிடலாம் என்று 1977ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான இந்து வாரிசுரிமைச் சட்டப் பிரிவின் அடுத்த உட்பிரிவோ, உயிலில் போட்ட கட்டுப்பாடு செல்லும் என்கிறது. எந்த உயில் எந்தப் பக்கம் விழும் என்பதில் இன்றுவரை தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அவற்றை ஒரு வழிக்குக் கொண்டுவர 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே "ஆயுள்வரை" என்று எழுதினால் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு என்று எந்த வக்கீல் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட.

அதற்கு நான் கையாளும் வழி கொஞ்சம் சுற்று வழி. வீட்டை ஜீவனாம்சத்துக்கு என்று கொடுக்காமல், அந்த அம்மாவின் வாழ்க்கைக்கு வேறு பணம் தனியாக, முழுமையாக, அவர் பெயரில் வைத்துவிடச் சொல்வேன். வைப்புநிதியோ, ஓய்வூதியத் தொகையில் ஒரு பங்கோ. வீட்டில் குடியிருக்கும் உரிமை மட்டும் தனிப் பத்தியில், அது ஏன் கொடுக்கப்படுகிறது என்ற காரணத்தோடு. இது வழக்கே வராமல் தடுக்கும் என்று சொல்லவில்லை. வந்தால் நிற்க ஒரு தரை கிடைக்கும். பார்சிகளுக்கு இந்தத் துளசம்மா சிக்கல் கிடையாது, ஹோமி கொடுத்து வைத்தவர்.

நாமினியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், ஆனால் மறக்கவும் வேண்டாம். சொசைட்டி (பிளாட்காரர்களின் வீட்டுவசதிச் சங்கம்), வங்கி, பங்குகள் எல்லாவற்றிலும் உங்கள் அம்மா பெயரே இன்னும் நாமினியாக இருக்கும், பந்தயம் கட்டுவேன். பங்குகளில் நாமினி சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை, வாரிசுகளுக்காகப் பெற்றுக்கொள்கிறவர்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சொசைட்டி பிளாட்டிலும் அதே நிலைதான். ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015ல் வந்த ஒரு திருத்தத்தால் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எனவே காப்பீட்டில் யாருக்குப் போக வேண்டுமோ அவரையே நாமினியாகவும் போட்டு, உயிலிலும் அதையே எழுதிவிடுவது தலைவலியைக் குறைக்கும்.

ஓய்வூதியம்தான் படத்தில் வராத பெரிய பாத்திரம். உங்கள் அப்பா பக்கம் பிரச்சினை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நடந்த கல்யாணம் என்பதால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கக் கூடாது என்று 1989லேயே தீர்ப்பு வந்துவிட்டது. கல்யாணச் சான்றிதழோடு துறைக்கு எழுதி அவர் பெயரைச் சேர்க்க வேண்டும், அப்பா இருக்கும்போதே. அந்த அம்மாவின் பக்கம்தான் இழப்பு. முதல் கணவர் மத்திய அரசு ஊழியர் என்றால், அவர் வழியாக இன்று வருகிற குடும்ப ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும். பிள்ளை இல்லாத விதவைக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு விலக்கு உண்டு, இவருக்கு மகன் இருப்பதால் அதுவும் இல்லை. மகனுக்கு 25 வயது தாண்டிவிட்டதால் அவருக்கும் அது போகாது. மறைத்துவிட்டு வாங்கிக்கொண்டே இருக்கலாம் என்று சில பேர் யோசனை சொல்வார்கள். பிடிபட்டால் வாங்கியது அத்தனையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். இந்த ஒரே காரணத்துக்காகக் கல்யாணமே வேண்டாம் என்று ஒதுங்கிய ஜோடிகளை எனக்குத் தெரியும். உங்கள் பிளாட்டுக்காக ஒரு பெண்மணி வலை வீசுகிறார் என்று உங்கள் தங்கை சொன்னதாக எழுதியிருந்தீர்களே, மாதா மாதம் நிச்சயமாக வந்துகொண்டிருக்கும் ஒரு தொகையை விட்டுவிட்டு வருகிறார் என்பதையும் தங்கையிடம் சொல்லுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 2007ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயும் மாற்றுத் தந்தையும் வருகிறார்கள். சொத்தென்றால் நீங்கள் அவருக்குப் பிள்ளை இல்லை, சோறு போடுவதென்றால் பிள்ளை என்று சட்டம் சொல்லக்கூடும்.

உங்கள் வீட்டில் சோலி யார் என்று பாருங்கள். அத்தையோ, சித்தப்பாவோ, அப்பாவின் பழைய அலுவலக நண்பரோ, யாராவது இருப்பார். லிங்க் அனுப்பி ஒன்பது நாளாகப் பதில் போடாத மகனே முதலில் போய் உயிலைப் பற்றிப் பேசினால் அது உங்கள் அப்பா காதில் வேறு மாதிரி விழும். முதலில் படத்துக்குப் பதில் போடுங்கள். உயில் பேச்சை சோலி எடுக்கட்டும், இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில், இரண்டு பேருமே உயில் எழுதுவதாக. கல்யாணம் பதிவான பிறகு இரண்டும் ஒரே நாளில் கையெழுத்தானால் நல்லது, யாரும் யாரையும் சந்தேகப்படுவதாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்களும் தங்கையும் அந்தப் பையனும் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். காலை நடை நண்பர்களைக் கூப்பிடலாம் என்று அப்பா சொல்வார். எழுபதைத் தாண்டியவர்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள், நாளைக்குக் கோர்ட்டில் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டுமே.